சிற்றூர்ப் பள்ளியும் விழுக்காடும்

பள்ளியின் தரத்தை விழுக்காட்டால் அளப்பது இக்கால வழக்கம். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிக்கு அவ்வளவுகோல் பொருந்துமா? ஐந்தாம் வகுப்பில் 10 பிள்ளைகள் பயில்வதாகக் கொள்க. அறுவடைக் காலத்தில் தம்பியைக் காக்க வீட்டில் தங்கிய ஒரு சிறுமி தேர்வில் தவறினால், தேர்ச்சி 10 விழுக்காடு குறைந்துவிடும். 100 பேர் பயிலும் நகர வகுப்பில் அது 1 விழுக்காடே.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுத்துள்ளது. ஐந்து வகுப்புகளையும் அவ்விருவரே நடத்துகின்றனர். பிள்ளைகளுள் பலர் தம் குடியில் முதன்முதலாக எழுத்தறிபவர். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை.

ஆதலின், ஒவ்வொரு பிள்ளையும் எந்நிலையில் தொடங்கி எந்நிலையை எய்தியது என்று காண்பதே நேர்மை. விழுக்காட்டைக் காட்டிப் பள்ளியை மூடுதல் எளிது. அச்சிறுமிக்கோ அடுத்த ஊர்ப் பள்ளி எட்டாத் தொலைவு.