எவர் வரையறுத்த பிரச்சினை?

வடிவமைப்பின் முதற்படி பிரச்சினையை வரையறுத்தல் என்று நமது பொறியியற் பீடங்களிற் கற்பிக்கப்படுகின்றது. அந்த வரையறையை எழுதுபவர் எங்கே நின்று எழுதுகிறார் என்ற வினா மட்டும் அரிதாகவே எழுகின்றது. மாணவர் குழுக்கள் விரும்பித் தெரிவுசெய்யும் பகிர்வு மின் ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்வோம். நடைபாதையிற் கண்டபடி விடப்படும் வண்டிகள், தலைக்கவசம் அணியாத ஓட்டுநர், விரைவிற் பழுதாகும் மின்கலம்: குழு எங்கே கூடினாலும் பட்டியல் இதுவே. 2017இல் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரில் இச்சேவை பரவத் தொடங்கியது. பாரிஸ் நகரம் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தி, அவ்வாண்டிலேயே வாடகை ஸ்கூட்டர்களை அகற்றியது. வாக்களித்தோர் 8 வீதத்திற்கும் குறைவு; அவர்களுள் ஏறத்தாழ 89 வீதத்தினர் எதிர்த்தனர். அந்நகரங்களின் தலைவலியை நாம் ஏன் நமது வினாவாக ஏற்க வேண்டும்?

மலையகத்திற் போக்குவரத்துப் பிரச்சினையை முதலில் வரையறுத்தவர்கள் துரைமார். கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அவர்கள் கண்ட பிரச்சினை. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் அதற்கு விடையாயிற்று. அப்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தபோது தேயிலை தலையெடுத்துவிட்டது. தோட்டத்துக்குள்ளும் இதே நியாயந்தான். மலைச்சரிவிலிருந்து தொழிற்சாலைக்குக் கம்பி கட்டி, கொழுந்து மூட்டைகளை அதிற் தொங்கவிட்டு இறக்கினார்கள். பாரத்தின் நிறையே பாரத்தை இழுத்துச் செல்லும். அருமையான பொறியியல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூட்டை அந்தரத்திற் பறந்தபோது, அதை நிரப்பிய பெண் கால்நடையாகவே இறங்கினாள். மறுநாட் காலை கால்நடையாகவே ஏறினாள். கொழுந்துக்கு வாகனம் உண்டு, கொழுந்து பறிப்பவளுக்கு இல்லை என்பது தற்செயலன்று. வரையறையில் அவள் இல்லை. லயனிலிருந்து பெருந்தெருவுக்கு நோயாளியைக் கொண்டுசெல்லக் கொழுந்து லொறியை எதிர்பார்த்து நின்ற குடும்பங்களின் கதையும் இதன் கிளையே.

பாதையின் நிலை வேறு. பிரதேச சபை தன் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இலேயே திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள்! இந்தப் பாதையிற்றான் சிறு சில்லுகள் பூட்டிய நகரத்து ஸ்கூட்டரை ஓட்டிக்காட்ட வேண்டும்.

கணக்கையும் பார்ப்போம். வண்டி, ஆள், தோளிற் தொங்கும் கொழுந்து யாவும் சேர்ந்து 100 கிலோ என்க. 10க்கு 1 என்ற ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல, உராய்வை விட்டாலும், 400 வாற்று வலு வேண்டும். பகிர்வு ஸ்கூட்டர்களின் மோட்டார்கள் பெரும்பாலும் 250 முதல் 350 வாற்று வரையில் அமைந்தவை. மழையில் நனைந்த இறக்கத்தில் தடுப்பு என்னவாகும் என்பது அதனினும் பெரிய கேள்வி. வாடகை செலுத்தத் திறன்பேசியும் வங்கி அட்டையும் வேண்டுமென்பதை யாரிடம் சொல்வது? மின்னேற்றுவது எங்கே? மின்னொழுக்கால் லயன்கள் எரிந்த செய்திகளை நாம் படிக்காதவர்களா?

"இது வெறும் பாடப் பயிற்சி, இதில் அரசியலைப் புகுத்தாதீர்" என்று விரிவுரையாளர் சிலர் கூறக்கூடும். பயனாளர் யார் என்று முதற்பக்கத்தில் எழுதும்போதே அரசியல் புகுந்துவிடுகின்றது. அதை நாம் புகுத்தத் தேவையில்லை. மலையகத்திலிருந்து வந்த மாணவர்களே அந்தப் பக்கத்தில் நகரத்து இளைஞனை வரைந்துவிட்டு அமைதியடைவதுதான் பொறுக்க இயலாதது.

பகிர்வு என்ற கருத்து தோட்டத்துக்கு அந்நியமன்று. தண்ணீர்க் குழாயும் கோயிலும் அங்கே பொதுவானவை. ஒரு டிவிசனின் மக்களுக்கே உரிமையான, பிள்ளையையும் நோயாளியையும் மூட்டையையும் ஏற்றக்கூடிய, மூன்று அல்லது நான்கு சில்லுள்ள மின்வண்டியை ஏன் கற்பனை செய்யக்கூடாது? பழைய கம்பி முறையின் தத்துவத்தைக்கூட அதிற் புகுத்தலாம்: பாரத்தோடு இறங்கும் வண்டி தன் தடுப்பின் மூலம் மின்கலத்துக்குச் சிறிது மின்னைத் திருப்பித் தரும், ஏறும்போது அது உதவும். அதன் அளவு என்ன என்பதைச் சாய்வை அளந்தாலன்றிச் சொல்ல முடியாது. லயனிலிருந்து மலைக்கு எவ்வளவு தூரம், மடுவத்துக்கு எவ்வளவு, எந்த வளைவில் வண்டி திரும்பாது, எந்த மாதத்திற் பாதை கரையும் என்பவற்றை அங்கு நடப்பவர்களிடமே கேட்க வேண்டும். பேராதனையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் உண்டு. குழுவினர் வரைபலகையின் முன் அமர்வதற்கு முன்னர் அதில் ஏறட்டும்.