காத்து எந்தப் பக்கம் போகுது?

போன ஜூலையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. குற்றவாளி என் மகன், வயது 12. புகார் கொடுத்தது, விசாரித்தது, தீர்ப்பு சொன்னது எல்லாமே நான்தான். தண்டனை, இரண்டு வாரத்துக்கு கம்ப்யூட்டர் கிடையாது.

மாடி ரூமில் இருக்கும் கேமிங் பிசி, அவன் விளையாட ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் ஏரோப்ளேன் மாதிரி இரைய ஆரம்பிக்கும். அப்புறம் படம் திக்கித் திக்கி ஓடும். ஒரே வாரத்தில் இரண்டு முறை தானாகவே பட்டென்று அணைந்துவிட்டது. "கண்ட கண்ட மாட் எல்லாம் டவுன்லோட் பண்றே, அதான்" என்றேன். "ஐ டிட்ன்ட் டூ எனிதிங், அம்மா" என்றான். வைரஸ் ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அப்படியும் நான் நம்பவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் மாஸ்டர்ஸ் பண்ணியிருக்கிறேன், கோட் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன், எனக்குத் தெரியாதா என்கிற நினைப்பு. கீபோர்டையும் மவுஸையும் எடுத்துக்கொண்டு போய் என் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த மெஷினின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2020ல் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்த சமயத்தில் நானும் அவனும் சேர்ந்து கட்டியது. பாகங்களை எல்லாம் டல்லாஸ் மைக்ரோ சென்டரில் வாங்கினோம். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. அப்போது அவனுக்கு ஏழு வயது. ஸ்க்ரூவை எண்ணி எண்ணிக் கையில் கொடுப்பது அவன் வேலை. போன கிறிஸ்துமஸ் லீவில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய ஆர்டிஎக்ஸ் 3070ஐ நல்ல விலைக்குக் கொடுத்தார். பழைய கார்டு 125 வாட், இது 220 வாட். சூடு கூடுமே என்று முன் பக்கத்துக்கு இரண்டு பெரிய ஃபேனும் வாங்கினேன். அவன் தூங்கின பிறகு, காலையில் எழுந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினேன். இந்தப் பதினோரு மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. டெக்சாஸ் வெயில் ஆரம்பித்ததும் வந்தது வினை. கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. விளையாடும்போது 350 வாட் இழுக்கிறது என்றால், ரூமில் 350 வாட் ஹீட்டர் ஒன்று ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இங்கே கடையில் விற்கிற சின்ன ரூம் ஹீட்டர் 1500 வாட், அதில் கிட்டத்தட்ட கால்வாசி. எங்கள் வீட்டில் ஏசி தெர்மோஸ்டாட் கீழே ஹாலில் இருக்கிறது. கீழே ஜில்லென்று இருக்கும், மாடி ரூம் கதவைத் திறந்தால் இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். அந்த ரூமில், கார்ப்பெட் மேல், மேஜைக்கு அடியில் மூலையில் பிசியைச் சொருகி வைத்திருந்தோம். பவர் சப்ளை கீழ்ப் பக்கமாகக் காற்றை இழுக்கும் வகை. கார்ப்பெட் அதன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பிள்ளை மேல் ஏற்கனவே சந்தேகம் வந்துவிட்டதால் பிசி பக்கம் போய்ப் பார்க்கவே தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் என் அப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தார். திருவெறும்பூர் பெல் பாய்லர் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேரன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் உம்மென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு அந்தப் பொட்டிக்கு?" என்றார். சூடாகிறது, அணைந்துவிடுகிறது என்றேன். "சரி, எஃப்.டி. ஃபேன் எது, ஐ.டி. ஃபேன் எது?" என்று கேட்டார்.

பாய்லர்காரர்களுக்கு இது அரிச்சுவடி. ஃபர்னஸுக்குள் காற்றைத் தள்ளுகிறது ஃபோர்ஸ்டு டிராஃப்ட் ஃபேன், எஃப்.டி. எரிந்து முடிந்த புகையை இழுத்து சிம்னிக்கு அனுப்புகிறது இண்ட்யூஸ்டு டிராஃப்ட் ஃபேன், ஐ.டி. பிசிக்கும் அதே கணக்குதான். முன்னால் உள்ள ஃபேன் ரூம் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னாலும் மேலேயும் உள்ளவை சூட்டை வெளியே தள்ள வேண்டும். முன்னால் ரெண்டும் எஃப்.டி., பின்னால் ஒண்ணு ஐ.டி. என்று சொன்னேன்.

"பார்த்துட்டியா?"

"நான்தானே மாட்டினேன், அப்பா."

"அதைக் கேக்கலம்மா. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துட்டியா?"

பதில் சொல்வதற்குள் பூஜை ரூமுக்குப் போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். மகனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். பிசியை ஆன் பண்ணினோம். "முன்னாடி காட்டு, ரொம்பக் கிட்டப் போகாதே." உள்ளே போக வேண்டிய புகை அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி வந்தது. பின்னால் காட்டினான், அங்கேயும் வெளியேதான் வந்தது. மூன்று ஃபேனும் ஐ.டி. ஃபேன்! உள்ளே தள்ளுவதற்கு ஆளே இல்லை. இடுக்கு, ஓட்டை, ஸ்க்ரூ துவாரம் வழியாகத் தூசியோடு வருகிற காற்றை வைத்துத்தான் அந்தக் கார்டு ஏழு மாசம் குடும்பம் நடத்தியிருக்கிறது.

முன் பேனலைக் கழற்றினேன். ஃபேனில் ஒரு பக்கம் திறந்திருக்கும், இன்னொரு பக்கம் மோட்டாரைத் தாங்க நாலு கம்பி மாதிரி பிளாஸ்டிக் கை இருக்கும். காற்று திறந்த பக்கத்தில் நுழைந்து கை இருக்கிற பக்கமாக வெளியேறும். சில ஃபேனில் ஓரத்தில் அம்புக்குறியே போட்டிருப்பார்கள். எங்களுடையதிலும் இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒயர் எட்டவில்லை என்று இரண்டையும் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் "ஐ டோல்ட் யூ" என்று கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சாரிடா கண்ணா, தப்பு என்னோடது" என்றேன். அப்பா எழுந்து, காபி போடுகிறேன் என்று கீழே போய்விட்டார். அவர் என்னிடம் சாரி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலத்து அப்பாக்கள் யார்தான் சொன்னார்கள்? எனக்கும் அது அவ்வளவு லேசாக வாயில் வரவில்லை. கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் அதை ஓரமாக வைத்துவிட்டு, "கேன் வி ஃபிக்ஸ் எவ்ரிதிங்?" என்றான்.

ஃபேனைத் திருப்பினோம். பெட்டியைக் கார்ப்பெட்டிலிருந்து தூக்கி ஒரு மரப் பலகை மேல் வைத்தோம். வெளியே கராஜுக்குக் கொண்டுபோய்த் தூசி ஊதினோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். வாக்யூம் க்ளீனரை உள்ளே விடாதீர்கள், ஸ்டாட்டிக் கரண்ட் ஆபத்து. கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரியிலிருந்து 72க்கு இறங்கியது. (டெக்சாஸில் வெயிலை ஃபாரன்ஹீட்டில் சொல்வோம், ஆனால் சிப்புக்கு எப்போதும் செல்சியஸ்தான்.) ப்ராசஸர் மட்டும் இன்னும் 90ஐத் தாண்டியது. 3600க்கு உச்ச வரம்பு 95. அதற்கு மேல் போகாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்து வருஷம் ஆனதால் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று தோன்றியது. மாற்றிவிடலாம் என்றேன். "நான் பண்றேன்" என்றான், தமிழில். அவன் தமிழில் கேட்டால் எனக்கு மறுக்க வராது, அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

நாலு ஸ்க்ரூவையும் ஒழுங்காகக் கழற்றினான். கூலரைப் பிடித்து நேராக மேலே இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். கூலரின் அடியில் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஏஎம்4 வகை ப்ராசஸர்களில் இது தெரிந்த ஆபத்து. ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கும். சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில்தான் பிடித்திருக்கிறது, மேலே அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது. காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டால் ஊசியோடு சேர்த்துப் பிடுங்கிவிடும். 2022ல் வந்த ஏஎம்5ல் ஊசிகளை மதர்போர்டு பக்கம் மாற்றிவிட்டார்கள், மேலே ஒரு சட்டம் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, அதனால் இந்தத் தொல்லை இல்லை. பழையதில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கழற்றுவதற்கு முன்னால் ஒரு பதினைந்து நிமிஷம் கேம் ஓட்டி பேஸ்ட்டைச் சூடாக்கணும், அணைத்துப் ப்ளக்கைப் பிடுங்கணும், பிறகு கூலரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகித் தளர்த்தின பிறகுதான் தூக்கணும். இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

அவன் ப்ராசஸரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். ஓரத்தில் இரண்டு ஊசி சாய்ந்திருந்தது. முந்தின நாளாக இருந்தால் நான் என்ன கத்து கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியும். "அதை அப்படியே தலைகீழா வை. ஸ்கூல் பையிலேர்ந்து மெக்கானிக்கல் பென்சில் எடுத்துட்டு வா" என்றேன்.

ஹேர் ட்ரையரால் சூடு காட்டி, திருகி, ப்ராசஸரைப் பிரித்தோம். லெட் எடுத்துவிட்ட பென்சிலின் நுனி ஊசிக்குத் தொப்பி மாதிரி பொருந்தும். அதை வைத்து மயிரிழை மயிரிழையாக நிமிர்த்த வேண்டும். ஒரே தள்ளாகத் தள்ளினால் முறிந்துவிடும். முதல் ஊசியை நான் நிமிர்த்தினேன், இரண்டாவதை அவனிடம் கொடுத்தேன். அப்பா தன் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும், இந்தப் பக்கம் கொஞ்சம்" என்று சூப்பர்வைசர் வேலை பார்த்தார். முக்கால் மணி நேரம். இடையில் மகன் மெதுவான குரலில், "இது செத்துப்போச்சுன்னா 5700எக்ஸ்3டி வாங்கலாமா?" என்று கேட்டான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து கண்ணாடி ஆடியது.

அவன் கேட்டது தப்பில்லை. அது 2024ல் வந்த ப்ராசஸர், இதே சாக்கெட்டில் உட்காரும். பழையதில் எல்3 கேஷ் 32 எம்பி, அதில் 96. பல கேம்களுக்கு அது நல்ல வித்தியாசம் கொடுக்கும். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிவிட்டு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது 105 வாட், இது 65 வாட். இருக்கிற சூட்டையே வெளியே அனுப்பத் தெரியாத பெட்டியில் அதைப் போட்டிருந்தால் காசும் போயிருக்கும், சத்தமும் கூடியிருக்கும்.

சாக்கெட் லீவரைத் தூக்கிவிட்டு ப்ராசஸரை மேலே வைத்தோம். அது தன் எடையில் தானாக உள்ளே விழ வேண்டும், அழுத்தவே கூடாது. மூன்றாவது முயற்சியில் விழுந்தது. மருந்துக் கடையில் கிடைக்கிற 91 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தோம். பவர் பட்டனை அழுத்தும்போது மூன்று பேரும் மூச்சு விடவில்லை. திரையில் எழுத்து வந்தது.

பயாஸுக்குள் போனபோது என் இன்னொரு லட்சணமும் வெளிப்பட்டது. 3200 வேகத்துக்கு விற்ற ராம் ஐந்து வருஷமாக 2133ல் ஓடியிருக்கிறது. எக்ஸ்எம்பி என்று ஒரு செட்டிங், அதை ஆன் பண்ணாவிட்டால் ராம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். உங்கள் வீட்டுப் பிசியில் இன்றைக்கே பாருங்கள், காலணா செலவில்லாத அப்கிரேட். இன்னொன்றும் செய்தோம். மைன்கிராஃப்ட்டில் ஃப்ரேம் ரேட் 'அன்லிமிடெட்' என்று இருந்தது. அவன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் கார்டு எவ்வளவு உழைத்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியப்போவதில்லை, சூடுதான் மிச்சம். 140ல் கட்டினோம், சத்தம் பாதியாகிவிட்டது. ஷேடர் மாட் கார்டுக்கு வேலை கூட்டுகிறது என்பது உண்மைதான், அந்த அளவுக்கு என் புகாரில் ஒரு துளி நியாயம் இருந்தது. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது ப்ராசஸர் 78, கார்டு 70ல் நிற்கிறது. அப்பா செப்டம்பரில் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் மகனின் நண்பன் ஒருவன் தன் பிசி சூடாகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தான். மாடியிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார்கள். என் மகன் கையில் ஊதுபத்தி. அந்தப் பையனிடம், "விச் ஒன் இஸ் யுவர் எஃப்.டி. ஃபேன்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.