பூச்சி பொழைக்குது! நாம கடனாளி ஆவுறதா?

கடைமடை விவசாயிகளே! தாய்மார்களே!

கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் மூணு தடவை மருந்தடிச்சும் புகையான் அடங்கலைன்னா, "டோஸைக் கூட்டு" என்கிறார் கடைக்காரர். அதுவா தீர்வு?

டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டவருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1946-ல், சுவீடன் நாட்டு ஈக்கள் அதைத் தாங்கிவிட்டன! எப்படி? ஈயின் உடம்பிலுள்ள ஒரு நொதி, மருந்திலிருந்து ஒரு குளோரினை உருவி, டி.டி.இ. என்ற சரக்காக மாற்றிவிடுகிறது. ஈ பிழைத்துக்கொள்ளும். அந்தச் சரக்கோ லேசில் அழியாது. மீன் கொழுப்பில், தாய்ப்பாலில் சேரும். மீன் தின்னும் பறவையின் முட்டையோட்டை மெலியவைக்கும்.

அடிக்க அடிக்க, மருந்தைச் செரிக்கத் தெரிந்த பூச்சியே மிஞ்சிப் பெருகும். அதைத் தின்னும் சிலந்திதான் சாகும்!

வயலுக்கு டி.டி.டி. 1989-ல் தடை. பி.எச்.சி. 1997-ல் தடை. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை. டப்பா மாறியது, நம்ம கடன் மாறவில்லை!

வேளாண்மைத் துறையே! வயலுக்கு வா! பூச்சியை எண்ணிப் பார்த்து மருந்து சொல்!
பலிக்காத மருந்துக்கு இழப்பீடு வாங்கிக் கொடு!

விவசாயிகளே! சிலந்தியைக் காப்போம்! ஒன்றுபடுவோம்!