சிவப்புப் பாஸ்போட்டும் பழைய பேப்பர் கட்டும்

ஜனவரி பிறந்தால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் போன் எடுப்பார்கள். "டாவோஸில தானே இருக்கிறாய், ட்ரம்பைக் கண்டனியோ?" என்று கேள்வி. 1971 இல் தொடங்கிய பொருளாதார மன்றத்தைத் தவிர இந்த ஊரில் வேறு அரசியலே இல்லை என்பது எங்கள் சனத்தின் நினைப்பு. அது ஒரு கிழமைக் கூத்து. தலைவர்கள் ஹெலியில் ஏறிப் போன பிறகு மிச்சம் 51 கிழமையும் இங்கே சாதாரண மனிசர் வாழ்கிறார்கள். அவர்களுடைய அரசியல் கடித உறையில் வீட்டுக்கே வருகிறது.

அந்த உறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுவிஸ் பிரஜையாக இருந்தால் வருடத்தில் நாலு தரம் வரை வாக்குச்சீட்டு தபாலில் வரும். நாட்டு விடயம், கன்ரோன் விடயம், ஊர் விடயம் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்த மன்றத்தின் பாதுகாப்புச் செலவில் டாவோஸ் கொடுக்கும் பங்குகூட ஊர்ச்சனத்திடம் வாக்குக் கேட்ட விடயம்தான். 2022 குளிர்கால ஒலிம்பிக்கை இங்கேயும் சென்ட் மொறிட்ஸிலும் நடத்தலாமா என்று 2013 மார்ச் 3 இல் கேட்டார்கள். அரசாங்கம் வேண்டும் என்றது, ஹோட்டல்காரர் வேண்டும் என்றார்கள். கிரவுபுண்டன் கன்ரோன் வேண்டாம் என்றது. 2017 பெப்ரவரி 12 இல் 2026 ஒலிம்பிக்குக்காகத் திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் வேண்டாம் என்றது. பெரிய முதலாளிமாரை மாடு வளர்க்கிறவனும் கடைக்காரியும் பேனையால் நிறுத்தி விட்டார்கள்.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். சுவிஸில் ஐம்பதாயிரம் தமிழர் அளவில் இருக்கிறோம். அதில் பாதிக்குப் பாதி சிவப்புப் பாஸ்போட் எடுத்து விட்டதாக நாங்களே பெருமை பேசுகிறோம். எதற்கு எடுத்தோம்? விசா இல்லாமல் கனடா கலியாணத்துக்குப் போக. வாக்குச்சீட்டு வந்த உறை பிரிக்காமலே பழைய பேப்பர் கட்டோடு போகிறது. நான் போன வீடுகளில் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

வாக்குப் போடத் தெரியாத சனமா நாங்கள்? 2010 ஜனவரி 23, 24 ஆம் திகதிகளில் வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கான வாக்கெடுப்பு சுவிஸில் நடந்தபோது பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் குளிரில் போய் வாக்களித்தார்கள். எந்த அரசாங்கமும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத வாக்கு அது. அதைப் பிழை என்று சொல்ல வரவில்லை. சட்டமாக மாறக்கூடிய வாக்கை ஏன் குப்பையில் போடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

முந்திக் கொழும்பில் சுவிஸ் தூதரகத்திலேயே அகதி விண்ணப்பம் கொடுக்கலாம். ஏஜென்சிக்குக் காணி விற்றுக் காசு கட்டாமல், கள்ளப் பாஸ்போட்டில் ஏறாமல், உயிரோடு வந்து சேர ஒரு வழி அது. 2012 செப்டெம்பரில் பாராளுமன்றம் அவசரச் சட்டமாக அந்தக் கதவை மூடியது. எதிர்த்தவர்கள் கையெழுத்துச் சேர்த்து அதை மக்கள் முன் கொண்டுவந்தார்கள். 2013 யூன் 9 இல் 78 வீதமானவர்கள் மூடினது சரி என்றார்கள். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர் கூட இல்லை. எங்கள் வாக்கு முழுக்க விழுந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம், அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று எங்கள் மண்டபங்களில் அதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. எட்டு மாதம் கழித்து, 2014 பெப்ரவரி 9 இல், வெளிநாட்டவர் வருகைக்கு எதிரான முன்மொழிவு வென்றது. நாடு முழுக்க வாக்கு வித்தியாசம் இருபதாயிரத்துக்கும் குறைவு. அந்த எண்ணிக்கைக்கு முன்னால் எங்கள் உறைகளை ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

இதிலும் கேவலம் ஒன்று இருக்கிறது. வாக்குப் போடுகிற எங்கள் ஆட்களில் சிலர் கதவை மூடச் சொல்லித்தான் போடுகிறார்கள். "இப்ப வாறவங்கள் உண்மையான அகதியள் இல்லை, நாங்கள் அப்பிடியே?" என்கிறார்கள். அண்ணை, 1980களில் இங்கே உங்களைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள். தூள் விற்கிறவன், பொய் அகதி என்றார்கள். அன்று உங்களுக்காகக் கையெழுத்து வைத்த வெள்ளைக்காரருக்கும் உங்களை முன்பின் தெரியாது.

வாக்கில்லாதவனின் கதி எங்களுக்குப் புதுசில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்து அவர்களுடைய வாக்கும் போனது. அந்த விடயத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தோடு முரண்பட்டு வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் அந்தச் சனத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தபோது ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. வாக்கில்லாதவனை யார் கேட்பது?

சுவிஸிலும் 1971 வரை நாட்டு வாக்கெடுப்பில் பெண்களுக்கு வாக்கில்லை. ஆண்களின் வாக்கால்தான் அது கிடைத்தது. இல்லாதவனுக்கு உரிமை கிடைப்பது இருக்கிறவனின் கையால்தான். என்னைப் போல சி பெர்மிற்றோடு சமையலறையில் நிற்கிறவனிடம் வரி எடுப்பார்கள், கன்ரோன் வாக்கெடுப்பில் கருத்துக் கேட்க மாட்டார்கள். இந்தக் கன்ரோனின் 2004 யாப்பு, வெளிநாட்டவருக்கு ஊர் மட்டத்தில் வாக்குரிமை கொடுக்கக் கிராமங்களுக்கு இடம் விட்டிருக்கிறது. பேவர் என்ற சின்னக் கிராமம் கொடுத்தும் இருக்கிறது. மற்ற ஊர்களில் அதைக் கேட்க வேண்டியவர்கள் வாக்குள்ள நீங்கள்தான்.

ஜேர்மன் விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதீர்கள். உறையோடு விளக்கப் புத்தகம் வருகிறது. இங்கே படித்த பிள்ளை வீட்டில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள், கையெழுத்து வைக்க மறக்காதீர்கள். எனக்கு எதிராகத்தான் போடுவீர்கள் என்றாலும், குப்பையில் போடாமல் பெட்டியில் போடுங்கள். அப்போதாவது உங்களோடு சண்டை பிடிக்கலாம்.