அடித்தவரின் அணிக்கும் வலிக்கட்டும்

2007 மே 14, சான் அன்டோனியோ. என்பிஏ கூடைப்பந்து லீக்கின் மேற்குப் பிரிவு அரையிறுதியின் நான்காவது ஆட்டம் முடிய சுமார் 18 விநாடிகளே இருந்தன. ஃபீனிக்ஸ் சன்ஸின் வெற்றி ஏறக்குறைய உறுதி. எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தோடு ஓடிவந்த ஸ்டீவ் நாஷை ஸ்பர்ஸ் வீரர் ராபர்ட் ஹாரி இடுப்பால் இடித்து, ஸ்கோரர் மேசை மீது மோதவிட்டார். பதறிப்போன அமாரே ஸ்டவுடமயரும் போரிஸ் டியாவும் சன்ஸ் பெஞ்ச்சிலிருந்து எழுந்து சில அடி முன்னால் வந்தார்கள். அவர்கள் யார் மீதும் கை வைக்கவில்லை.

ஹாரிக்கு இரண்டு ஆட்டத் தடை. எழுந்து வந்த இருவருக்கும் ஆளுக்கு ஓர் ஆட்டத் தடை. களத்தில் தகராறு நடக்கும்போது பெஞ்ச்சை விட்டு வந்தால் தடை என்பது விதியாம். ஹாரி அப்போது பெரும்பாலும் மாற்று வீரராக இறங்குபவர். ஸ்டவுடமயரோ அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானவர். தொடர் 2-2 என்று சமநிலையில் இருக்க, ஐந்தாவது ஆட்டத்தில் சன்ஸ் சொந்த ஊரிலேயே 88-85 எனத் தோற்றது. அடுத்ததிலும் தோற்று வெளியேறியது. அந்த ஆண்டுக் கோப்பை ஸ்பர்ஸுக்கு. இடித்தவரின் அணிக்கு லாபமும் இடிபட்டவரின் அணிக்கு நஷ்டமும் தரும் தண்டனையை நீதி என்று எப்படிச் சொல்வது?

கூடைப்பந்தில் உடல் உரசாமல் ஆட முடியாது. கூடைக்கு அடியில் இடம்பிடிக்க முதுகால் தள்ளுவதும், ஸ்கிரீன் போட்டு வழிமறிப்பதும் ஆட்டத்தின் அங்கம். அவற்றை ஒழித்துவிட்டுப் பூப்பந்து ஆடச் சொல்லவில்லை. அந்தரத்தில் இருப்பவரைத் தட்டிவிடுவதும், அவர் கால் ஊன்றும் இடத்தில் தன் காலை நீட்டுவதும் வேறு கணக்கு.

என்பிஏ ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் ஒருவர் அடிபட வேண்டியிருக்கிறது. 1977 டிசம்பரில், சண்டையை நோக்கி ஓடிவந்த ஹூஸ்டன் வீரர் ரூடி டோம்ஜனோவிச்சின் முகத்தில் லேக்கர்ஸின் கெர்மிட் வாஷிங்டன் திரும்பிய வேகத்தில் விட்ட குத்து, முக எலும்புகளை நொறுக்கியது. அதன் பிறகுதான் மூன்றாவது நடுவரைச் சேர்க்கும் யோசனைக்கு உயிர் வந்தது. 2017 மேற்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டத்தில், பந்தை எறிந்துவிட்டுத் தரையிறங்கிய ஸ்பர்ஸின் கவாய் லெனர்ட், வாரியர்ஸின் ஸாஸா பச்சூலியாவின் பாதத்தை மிதித்துக் கணுக்கால் பிசகி வெளியேறினார். அப்போது 23 புள்ளி முன்னிலையில் இருந்த ஸ்பர்ஸ், வாரியர்ஸிடம் 113-111 எனத் தோற்று, தொடரையும் 4-0 என இழந்தது. பச்சூலியாவுக்கு ஒரு நாள் தடைகூட இல்லை. அத்தகைய தவறை வீடியோவில் பார்த்துத் தண்டனையைக் கடுமையாக்கும் அதிகாரம் நடுவர்களுக்கு அடுத்த பருவத்தில்தான் கிடைத்தது.

வேண்டுமென்று செய்யவில்லை என்றார் பச்சூலியா. இருக்கலாம். ஒருவர் மனதுக்குள் புகுந்து பார்க்க எந்த நடுவராலும் ஆகாது. கால் எங்கே போனது என்பதைக் கேமரா காட்டும். தீர்ப்புக்கு அது போதும்.

தண்டனை அணியைச் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016 இறுதித் தொடரில் லெப்ரான் ஜேம்ஸை நோக்கிக் கை வீசியதால் வாரியர்ஸ் வீரர் டிரேமண்ட் கிரீனின் ஃப்ளாக்ரன்ட் (தேவையற்ற முரட்டு மோதல்) தவறுகளுக்கான புள்ளிகள் தடை வரம்பை எட்டின. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இல்லை. 73 வெற்றிகளோடு சாதனை படைத்து, 3-1 என முன்னிலையிலும் இருந்த வாரியர்ஸ் கோப்பையைக் கோட்டைவிட்டது. கிரீன் திருந்தினாரா என்றால், இல்லை. 2023 நவம்பரில் எதிரணி வீரர் ரூடி கோபேரின் கழுத்தை நெரித்துப் பிடித்தார். அடுத்த மாதமே யூசுஃப் நுர்கிச்சின் முகத்தில் அறைந்தார். தடை வந்தாலும், வழக்கமான பருவத்தின் 82 ஆட்டங்களில் சிலவற்றுக்கு ஒருவரை இழப்பது எந்த அணிக்கும் தாங்கக்கூடிய செலவுதான்.

ஆகவே விதியை மாற்ற வேண்டும். கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டத்தில் ஒருவர் இரண்டாம் நிலை, அதாவது மிகக் கடுமையான, ஃப்ளாக்ரன்ட் செய்து, எதிரணி வீரர் காயத்தால் வெளியேறினால், அந்தத் தொடர் முழுவதும் அவருக்கு இடமில்லை என்று எழுதட்டும். அவர் இடத்தில் வேறொருவரைப் பட்டியலில் சேர்க்கவும் அணிக்கு அனுமதி கூடாது. அடிபட்டவர் திரும்பும்வரை அடித்தவரும் உட்காரட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது ஆபத்து: ஒரு மாற்று வீரரைக் கொடுத்து எதிரணியின் நட்சத்திரத்தை வாங்கிக்கொள்ளும் பேரத்தை எந்தப் பயிற்சியாளரும் மறுக்கமாட்டார். பெஞ்ச் விதியிலும், சண்டையில் கலந்தவருக்கும் பதறி எழுந்தவருக்கும் வித்தியாசம் வேண்டும்.

ஒருவர் தவறுக்கு அணி ஏன் பலியாக வேண்டும் என்று கேட்பார்கள். டோம்ஜனோவிச் வழக்கு போட்டது வாஷிங்டன் மீதல்ல, லேக்கர்ஸை நடத்திய நிறுவனத்தின் மீது. 1979இல் ஹூஸ்டன் ஜூரி அவருக்கு 30 லட்சம் டாலருக்கும் மேல் தரச் சொன்னது; பிறகு சமரசமானது. சம்பளம் கொடுத்து ஆடவிடுபவருக்கும் பொறுப்பு உண்டென்று சாதாரணக் குடிமக்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.

2022 மே 3 அன்று பிளேஆஃப் ஆட்டத்தில் மெம்ஃபிஸின் டில்லன் புரூக்ஸ், கூடையை நோக்கி எழும்பிய வாரியர்ஸ் வீரர் இரண்டாம் கேரி பேட்டனைப் பின்னாலிருந்து தலையில் அடித்தார். விழுந்ததில் பேட்டனின் முழங்கை எலும்பு முறிந்தது. புரூக்ஸ் ஓர் ஆட்டத் தடை முடிந்து மே 9 அன்று அதே தொடரில் மீண்டும் ஆடினார். பேட்டன் களம் திரும்பியது ஜூன் 5 அன்று.