செருப்பு போட்டால் போதுமா?

கல்லூரி நாட்களில் எங்கள் வீட்டிற்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஒயரிங் செய்தவரைக் கேட்டோம். "எல்லா வீட்டிலும் இப்படித்தான். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு உட்காருங்க" என்றார். ஒரு நாள் கம்ப்யூட்டர் ஓடும்போதே பிரிண்டர் கேபிளை மாட்டினேன். யு.எஸ்.பி. போர்ட் போய்விட்டது. செருப்பு என் காலைக் காப்பாற்றியது; போர்ட்டை யார் காப்பாற்றுவது?

காரணம் எளிது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று லைனையும் மற்றொன்று நியூட்ரலையும் கேபினட்டுடன் இணைக்கும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு. சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் போர்ட்டில் உள்ள சிப்புக்கு அதுவே அதிகம். லைன் ஒயரே கேபினட்டைத் தொட்டுவிட்டால் ஆளுக்கே ஆபத்து.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதே, அது முதலில் இணைய வேண்டும் என்பதற்காகத்தான். அதற்கு வேலையில்லாமல் செய்யும் டூ பின் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களிடம் நாம் ஒன்று கற்கலாம். அவர்கள் எல்லாக் கருவிகளையும் தனித்தனியே ஒரே செம்புப் பட்டையில் இணைத்து, அதை எர்த்துக்குக் கொண்டு போவார்கள். வோல்டேஜ் ஏறினாலும் எல்லாம் சேர்ந்தே ஏறும். கருவிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் வராது. கேபிள் வழியாகப் பாயவும் செய்யாது. நீங்களும் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர், மோடம் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பாயிண்டிலிருந்து இயக்குங்கள்.

எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துச் சமாளிக்க விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230 வோல்ட் வரும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வீண், பி.வி.சி. மின்சாரம் கடத்தாது. யு.பி.எஸ். இருந்தாலும் எர்த் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நல்லது. இடி இடித்தால் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கடையில் விசாரிக்கிறோம். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.