துடிக்கும் கட்டி

ஈறிலோ தலையிலோ சிவந்த கட்டி. தொட்டால் துடிக்கும், கீறினால் ரத்தம் பீறிடும். வெறும் ரத்தக்குழாய்க் கோளாறு என்றே தோன்றும். அபூர்வமாக, அது சிறுநீரகப் புற்றுநோயின் பரவலாக இருக்கலாம். சிறுநீரகத்தை அகற்றி 10 ஆண்டுகள் கழித்தும்கூட வரலாம். பெரும்பாலும் காரணம், 1993-ல் கண்டறியப்பட்ட வி.எச்.எல். மரபணு. இது பழுதானால், பிராணவாயு போதவில்லை என்று செல்கள் தப்புக்கணக்குப் போட்டு ரத்தக்குழாய்களை வளர்த்துத் தள்ளுகின்றன. பழுது பரம்பரையாக வந்தால் விழித்திரையிலும் சிறுமூளையிலும் ரத்தக்குழாய்க் கட்டிகள் முளைக்கும்.

தமிழக எல்லையோரக் காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரியே உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களில் ஆஸ்பத்திரி மாறுவது சிலருக்கு மாநிலம் மாறுவதும்தான். பழைய ஆபரேஷன் சீட்டு வீட்டுப் பெட்டியில் தூங்கினால் கத்தி வைக்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? கட்டியைக் காட்டும்போதே சிறுநீரகக் கதையையும் சொல்லிவிடுவது நல்லது.